எக்ஸ்ரே அறைக்குப் போகும் வழியில் ஒரு கதவு

என் அக்கா வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கண்ணடி பெயிண்டர் என்றால்தான் தெரியும். எதைப் பார்த்தாலும் இடது கண்ணை இறுக மூடி, கட்டை விரலை நீட்டி அளப்பார். எங்கள் வீட்டுக்கு எதிரே கடைப் பலகை எழுத வந்தபோதும் ஏணி மேல் நின்று அப்படித்தான் செய்தார். அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார் என்று தெருவே பேசியது. அப்பா சண்டைக்குப் போனார்.

"ஐயா, சத்தியமா உங்க பொண்ணைப் பாக்கலீங்க. அவங்களுக்குப் பின்னாடி இருக்கிற சுவர் கோணலா நிக்குது. அதைத்தான் பாத்தேன்" என்றார்.

அப்பாவுக்குச் சமாதானமாகிவிட்டது. அக்காவுக்குத்தான் ஆத்திரம். மறுநாள் அவளே ஏணிக்குக் கீழே போய் நின்று, "அப்போ என்னைப் பாக்கவே இல்லையா?" என்று கேட்டாள். ஆறு மாதத்தில் கல்யாணம்.

பிறகு அவருக்கு ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. நான் அங்கேயே துப்புரவு வேலை பார்க்கிறேன். அடித்து மிஞ்சிய பெயிண்டில் அவர் படம் வரைந்ததெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்காத இடங்கள்: மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், பழைய பீரோக்களுக்குப் பின்னால். பெருக்குகிறவளுக்கு மூலைதானே முக்கியம்? அதனால் எல்லாவற்றையும் முதலில் பார்த்தது நான்தான். ஒரு நாள் படிக்கு அடியில் யாரோ புதுத் துடைப்பம் சாத்தி வைத்திருக்கிறார்களே என்று ஆசையாகக் கை நீட்டினேன். விரல் சுவரில் முட்டியது. மாமா மூன்று நாள் சிரித்தார்.

கீழ்த்தளத்தில் லிஃப்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குப் போகிற நடை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலும் சுவர் ஓரமாகவும் குழாய்கள். ஒரே ஒரு டியூப்லைட். அங்கேதான் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். அந்த நடையைப் பார்த்ததும் மாமாவுக்கு இடது கண் தானாக மூடிக்கொண்டது.

அவர் முறை இதுதான். ஒரு பெரிய அட்டையில், பாதி திறந்த கதவையும் அதன் வழியே தரையில் விழும் வெயிலையும் ஓட்டையாக வெட்டினார். ஏணியில் ஒரு டார்ச்சைக் கட்டி, முன்னால் அட்டையை நிறுத்தினார். வெளிச்சம் ஓட்டைகள் வழியாகப் போய்ச் சுவரிலும் குழாயிலும் தரையிலும் துண்டு துண்டாக விழுந்தது. அந்த ஓரங்களைச் சாக்பீஸால் வரைந்து வண்ணம் நிரப்பினார். குழந்தைகள் வார்டு கம்பிக்கு அடித்து மிஞ்சிய பச்சை, தண்ணீர்த் தொட்டிக்கு அடித்து மிஞ்சிய நீலம், எதற்கு அடித்ததென்றே தெரியாத ஒரு மஞ்சள். டார்ச் இருந்த இடத்தில் கண்ணை வைத்தால் துண்டெல்லாம் ஒன்று கூடிக் கதவாகும். வேறெங்கே நின்றாலும் வெறும் கிறுக்கல்.

பராமரிப்புப் பிரிவின் இன்சார்ஜ் வேறெங்கேயோதான் நின்றார்.

"என்னய்யா இது, குழாயில மஞ்சளும் பச்சையுமா ஈஷி வெச்சிருக்கே? திங்கக்கிழமை பெரிய டாக்டரம்மா சுத்திப் பாக்க வராங்க. வெள்ளை அடிச்சு மூடு."

"சார், இங்க வந்து நின்னு பாருங்க."

"நீ காட்டுற இடத்துல நிக்கிறதுக்கா எனக்குச் சம்பளம்?"

கடைசியில் ஒரு வழியாக, டாக்டரம்மாவே பார்த்துச் சொல்லட்டும் என்றார். ஆனால் இரண்டு வாளி வெள்ளைப் பெயிண்டை அன்றைக்கே கொண்டுவந்து நடையில் வைத்துவிட்டார். மாமா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. இருபது வருஷத்தில் தான் செய்ததைப் பார்க்க ஒருவர் வருவது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை நான் அந்த நடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காலில் மாவுக்கட்டு போட்ட ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து குழாய்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைப் பார்க்கிற முகம் இல்லை அது. அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் அவர் இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கதவு இல்லை. எழுந்தேன். அப்போதும் இல்லை. என் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினேன். கதவு வந்துவிட்டது.

எனக்கு யாரிடமும் எதையும் எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லை. சாயங்காலம் அக்கா காதில்தான் போட்டேன். அவள் அடுப்படியிலிருந்தே கத்தினாள்.

"ஏங்க, அந்தக் கதவை யாருக்கு வரைஞ்சீங்க?"

"அங்க காத்திருக்கிறவங்களுக்கு."

"அவங்க எல்லாரும் உங்களை மாதிரி ஆறடிக்கு நிக்கிறாங்களா? கால் ஒடிஞ்சுதானே அங்க வராங்க!"

மாமா வாயில் வைத்த கவளத்தை மெல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, இதை நீ நேத்தே சொல்லக் கூடாதா?" என்றார்.

"நேத்து நான் வாளி மேல ஏறலை மாமா."

ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே கிடையாது. காலையிலேயே மூன்று பேரும் போனோம். இன்சார்ஜ் வைத்த வெள்ளையாலேயே பழைய கதவை மாமா மூடினார். அது காயும்வரை அக்கா மின்விசிறியைப் பிடித்துக்கொண்டு அவரைத் திட்டினாள். பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் கண் உயரத்துக்கு டார்ச்சைக் கட்டினார். "அசையாதே" என்றார். ஆடாமல் அசையாமல் உட்காருவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மத்தியானத்துக்குள் கோடு முடிந்தது, சாயங்காலத்துக்குள் வண்ணம். கடைசியாக டியூப்லைட்டின் பாதிக்கு ஒரு தகரத்தை மடித்து மாட்டினார். நிஜ வெளிச்சம் தரையில் தீட்டிய மஞ்சள் வெயில்மேல் மட்டும் விழ, சுற்றிலும் நிழலானது.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்து நின்று பார்த்தார். நெற்றி சுருங்கியது. இன்சார்ஜ் மீதி வெள்ளை வாளியைக் காலால் முன்னே நகர்த்தினார்.

வரிசையில் முதலாவதாக இருந்தவர் கையில் கட்டுப் போட்ட ஒரு தாத்தா. அவர்தான் பேசினார்.

"டாக்டரம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெயிலை மறைக்கிறீங்க."

"இங்க ஏது வெயில்?"

"அரை மணி நேரமா பாத்துக்கிட்டிருக்கேன், நகரவே மாட்டேங்குது. மணி ஓடுதா, நின்னுபோச்சா?"

டாக்டரம்மா அவர் பக்கத்தில் முழங்கால் போட்டுக் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அப்புறமும் எழுந்திருக்கவில்லை.

"இன்சார்ஜ், நாற்காலியை எல்லாரும் கண்டபடி நிறுத்துறாங்க. சரியா இந்த இடத்துல நிக்கிற மாதிரி தரையில கோடு போடச் சொல்லுங்க" என்றார்.

"வெள்ளை ரெடியா இருக்கு மேடம்" என்றார் இன்சார்ஜ்.

அந்த வாரமே கோடு போட்டாயிற்று. வெளியாட்கள் வந்தால் இன்சார்ஜ்தான் கூட்டிவந்து காட்டுகிறார், எல்லாம் தன் மேற்பார்வையில் நடந்ததாக. லிஃப்ட் பக்கம் நிற்கவைத்தே காட்டுவார். அவர்களும் கிறுக்கலைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மாமா இப்போதெல்லாம் புது மூலை கிடைத்தால் முதலில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.