இரண்டு அறைக்கு ஒரு ஈமெயில்

உப்புவெளியில் எங்கள் விடுதிக்கு இரண்டே அறை. நேற்று இளம் சோடி ஒன்று பெட்டியோடு வந்து, “ஈமெயில் போட்டனாங்களே” என்றது. நான் பார்க்கவில்லை. அறைகளில் வேறு ஆட்கள்.

இன்று டவுனுக்குப் போனேன். வழியில், டவுனுக்குள் திரிகிற மான்கள் பஸ்ஸை மறித்து நின்றன. அவற்றுக்கு என்ன அவசரம்.

போன், இன்டர்நெட் வேலை செய்து தரும் கொமினிகேசன் கடையில் நின்ற தங்கச்சியிடம், “நம்பிக்கையான ஈமெயில் ஒண்டு திறந்து தாங்கோ” என்றேன்.

“பழையதுக்கு என்ன, அண்ணை?”

“பாஸ்வேர்ட் மறந்திட்டன். கோட் நம்பர், அதைத் திறந்து தந்த கடைக்காரரின்ர போனுக்குப் போகுது. அவர் இப்ப கட்டாரில.”

“அப்ப ஈமெயில்ல பிழையில்லை, அண்ணை. மாறாத போன் நம்பர் ஒண்டு சொல்லுங்கோ.”

நான் அடிக்கடி சிம் மாற்றுகிறவன். மனைவியின் நம்பரைக் கொடுத்தேன்.

பின்னேரம் ஈமெயிலைத் திறக்க மனைவியிடம் கோட் நம்பர் கேட்டேன். “ஆருக்கு எழுதப் போறீங்கள்?” என்று விசாரித்துவிட்டுத்தான் தந்தார்.

இதைவிடப் பாதுகாப்பான சேவை இருந்தால் சொல்லுங்கள்.