கடைவாசலில் கந்தக ஹெக்ஸாஃப்ளூரைடு

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் முதல் வருடம் படித்தேன். மதகடிப்பட்டில் எங்களுக்கு மளிகைக்கடை. இந்த வருடத்தோடு படிப்பு போதும், மாப்பிள்ளை பார்த்துவிடலாம் என்று பெரியப்பா அப்பாவை அரித்துக்கொண்டிருந்தார். அப்பா பிடி கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. எனக்கோ தூக்கமே போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கந்தக ஹெக்ஸாஃப்ளூரைடு பற்றி நான் செமினார் எடுக்க வேண்டியிருந்தது. கடையிலிருந்து உருளைக்கிழங்கு ஒன்றும் எலுமிச்சை ஆறும் எடுத்தேன். நடுவில் கிழங்கு, அதுதான் கந்தகம். ஆறு பக்கமும் ஈர்க்குச்சியில் எலுமிச்சை, அவை ஃப்ளூரின். வகுப்பில் தொங்கவிடக் கயிறும் கட்டிக் கூடத்தில் வைத்தேன்.

காலையில் அதைக் காணோம். தேடிப் போனால் கடைவாசலில் தொங்குகிறது. முந்தின நாள் அமாவாசை. திருஷ்டிக்காக நான் செய்து வைத்தது என்று நினைத்து அம்மா மிளகாயும் கோத்து, சூடம் காட்டிக் கட்டிவிட்டாள்.

“எறக்கும்மா, பஸ்ஸுக்கு நேரமாவுது.”

“கட்டினத அடுத்த அமாவாசைக்குத்தான் எறக்கணும். தெரியாதாடி?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். “இன்னாம்மா இது?”

படபடவென்று சொன்னேன். கந்தகத்தை ஆறு ஃப்ளூரினும் நெருக்கிச் சூழ்ந்திருப்பதால் தண்ணீரோ அமிலமோ கிட்டே போக வழியில்லை.

“நாலு இருந்தா?”

அப்பா கேட்டது நல்ல கேள்வி. கோபம் கொஞ்சம் இறங்கியது. “ஒரு பக்கம் தொறந்து கெடக்கும்பா. தண்ணி பட்டாலே வெனதான், வெஷமாப் பொகையும்.”

“ஆறுன்னா எதுவும் கிட்ட வராது?”

“வராது.”

“அப்போ நம்ம கடைக்கு இதான் சரி. தொங்கட்டும்.”

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அப்பாவே வேறு கிழங்கு எடுத்து எலுமிச்சைகளைக் குத்தித் தந்தார். ஒரு பக்கம் கோணல்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்ச் செமினாரை ஒப்பேற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் பெரியப்பா ஒரு ஜாதகத்தோடு வந்தார். வாசலில் தொங்கியதைப் பார்த்து, “கெழங்கெல்லாமா கட்டுவாங்க?” என்றார். அப்பா துவரம்பருப்பு நிறுத்தபடியே கந்தகம், ஃப்ளூரின் எல்லாம் விளக்கினார். நாலுக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட விடவில்லை. நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சரி, ஜாதகத்தப் பாரு” என்றார் பெரியப்பா.

“இல்லண்ணே. இன்னும் ஒரு வருசம் கீது. அவ முடிக்கட்டும்.”