என் நெஞ்சில் ஸ்டெத் வைத்தவர்கள்

எங்கள் திண்டுக்கல் டாக்டர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் நோயாளியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தாங்களே அளந்துபார்க்க அந்தச் சங்கம் முடிவெடுத்தபோது, பொய் நோயாளியாகப் போக ஆள் தேடினார்கள். சமூகப்பணி படித்து முடித்துவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இருந்த நான் உடனே கை தூக்கினேன். இப்படி ஒருவர் வருவார் என்பதற்கு டாக்டர்கள் சம்மதித்திருந்தார்கள். யார், எப்போது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

சங்கச் செயலாளரான டாக்டரம்மா பயிற்சி கொடுத்தார். நெஞ்செரிச்சல், படபடப்பு என்று சொல்ல வேண்டும். டாக்டர் உட்காரச் சொன்னாரா, சாப்பாடு பற்றிக் கேட்டாரா, ஸ்டெத் வைத்தாரா என்று வெளியே வந்து டிக் போட வேண்டும். என் நெஞ்சிலேயே வைத்துக் காட்டினார். “இப்படி வச்சா மார்க் போடு. புரியுதா?”

புரிந்தது. பிடித்தும் போயிற்று. ஒரு டாக்டர் போனில் பேசிக்கொண்டே துப்பட்டா மேல் வைத்தார். டிக். இன்னொருவர் சுட்டதுபோல வைத்த வேகத்தில் எடுத்தார். அவருக்கும் டிக். வீட்டுக்கு வந்தால் அத்தா, “இன்னைக்கு எந்த டாக்டர ஏமாத்துன?” என்பார்.

அப்புறம் சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைக் கடைக்கு மேலே மாடியில் கிளினிக். டாக்டர் சிடுசிடுவென்று இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. மனசுக்குள் மார்க்கைக் குறைத்துக்கொண்டேன். படபடப்பு என்றதும் கட்டிலைக் காட்டினார். ஸ்டெத்தை வைத்தவர் எடுக்கவே இல்லை.

“பேசாத. எடது பக்கமாத் திரும்பிப் படு.”

வெகுநேரம் கேட்டார். பிறகு, “மாடி ஏறுனா மூச்சு வாங்குதா?” என்றார்.

என் ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. சிறுமலைக்குப் போனபோது தோழிகள் ஏறிப் போக நான் மட்டும் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். கிழவி என்று கேலி செய்தார்கள். வாங்கும் என்றேன்.

“சின்னதுல முட்டி வீங்கிக் காச்சல்ல கெடந்தியா?”

கிடந்திருக்கிறேன். இவருக்கு எப்படித் தெரியும்?

“சங்கத்துலருந்து வந்த புள்ளதான நீ? நெஞ்செரிச்சல அம்புட்டு வரிசையா எவனும் சொல்ல மாட்டான்.” நான் எழுந்து உட்கார்ந்தேன். “அது பொய்யா இருந்துட்டுப் போகட்டும். இந்தச் சத்தம் பொய்யில்ல. வால்வு சுருங்கிருக்கும்போல. எக்கோ எடுத்துப் பாத்துரு.”

திரும்பி வரும் பஸ்ஸில் நெஞ்சில் வைத்த கையை எடுக்க முடியவில்லை. அத்தனை டாக்டர்கள் அதே இடத்தில் வைத்தார்கள். அத்தனை பேருக்கும் நான் டிக் போட்டேன்.

மறுநாள் டாக்டரம்மா முதலில் சிரித்தார். “ஒன்னையவே நோயாளி ஆக்கிட்டாரா மனுசன்?” என்றபடி என்னைப் படுக்கவைத்துக் கேட்டார். சிரிப்பு நின்றது. ஸ்டெத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அன்னைக்கும் இங்கனதான வச்சேன்,” என்றார் மெதுவாக.

மதுரையில் எக்கோ எடுத்தார்கள். அந்தச் சின்ன வயசுக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கித்தான் இருந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாதாமாதம் ஊசி என்றார்கள். அம்மா அழுதாள். அத்தா அன்று எந்த டாக்டரைப் பற்றியும் கேட்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் டாக்டரம்மா தன்னையும் சேர்த்தே எல்லாவற்றையும் சொன்னாராம். ஸ்டெத் வைத்தாரா என்ற கேள்வியை எடுத்துவிட்டு, நெஞ்சில் என்ன சத்தம் கேட்டது என்பதை டாக்டர் சொல்ல வேண்டும் என்று மாற்றினார்கள். என்னிடம் மட்டும், “நீ இனிமே அலைய வேணாம்மா,” என்றார்.

“இம்புட்டு நாளா கேக்குறதுக்கு ஒண்ணுமே இல்லாத நெஞ்சுன்னு நெனச்சு அனுப்புனீங்க டாக்டரம்மா. இப்ப இருக்கு. இனிமே என்னையத்தான் அனுப்பணும்.”

போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிளினிக். நெஞ்செரிச்சல், படபடப்பு என்றேன். டாக்டர் ஸ்டெத்தை எடுத்தார். துப்பட்டாவை நானே ஒதுக்கிக்கொண்டேன். வைத்தார். எடுத்தார்.

“ஒண்ணுமில்லம்மா, கேஸ் ட்ரபிள்தான். மாத்திரை எழுதுறேன்.”

அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும், அதுதான் என் வேலை.

“சார், இன்னொரு தடவ வச்சுப் பாருங்க,” என்றேன்.