இறங்குதுறையில் பாடிய பகல்கள்

என் கணவர் கொழும்பிலிருந்து தீவுகளுக்குச் சாமான் ஏற்றிவரும் லொறி ஓட்டினார். நான் வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறேன். கிழமையில் இரண்டு நாள்தான் அவர் வீட்டில் இருப்பார். மற்ற நாட்களில் எங்காவது லொறியை நிறுத்திவிட்டு ஃபோன் எடுப்பார்.

"இஞ்சரும், ஒருக்காப் பாடும். கொஞ்சம் கண்ணயரப் போறன்."

குசினியில் அடுப்பைத் தணித்துவிட்டுப் பாடுவேன். பாதியிலேயே குறட்டை கேட்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, புங்குடுதீவு இறங்குதுறையில் நயினாதீவுக்கான மூட்டைகளை இறக்கிய பிறகு, வெயில் தாங்காமல் லொறிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். அந்த ஒடுங்கிய தெருவில் லொறிகளுக்கென்று வேறு இடமில்லை. பின்னுக்கு எடுத்த பஸ் ஒன்று மோதியதில் லொறி அவர் மேல் உருண்டது. சற்று முன்புதான் என்னை அழைத்திருந்தார். வகுப்பில் இருந்ததால் நான் எடுக்கவில்லை.

அதன்பின் பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லிக் கொடுத்தேனே தவிர, ஒரு பாட்டும் முழுதாகப் பாடவில்லை.

போன வருடம், நயினாதீவு அம்மன் திருவிழா தொடங்குமுன், அவரோடு ஓடிய சாரதி ஒருவர் வீட்டுக்கு வந்தார். இறங்குதுறையில் லொறி நிறுத்த இடம் கேட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதிக் களைத்துவிட்டார்களாம்.

"அக்கா, நாங்கள் கத்தினால் ஆர் நிண்டு கேக்கினம்? நீங்கள் பாடினால் சனம் நிக்கும். கையெழுத்து வாங்கலாம்."

"என்னாலை ஏலாது தம்பி."

அவர் கதிரையை விட்டு எழும்பினார். "அண்ணைக்காண்டிக் கேக்கேல்லை அக்கா. நாங்கள் இப்பவும் அந்த லொறி நிழலுக்குள்ளைதான் படுக்கிறம்."

மறுநாள் பின்னேரமே ஆர்மோனியத்தைத் துடைத்தேன்.

திருவிழா நாட்களில், அதே இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்த சனத்துக்கு முன்னால் நானும் நான்கு சாரதிகளும் பாடினோம். பாட்டைச் சாரதிகளே கட்டியிருந்தார்கள். தூங்க இடம் தேடி ஊர் ஊராகப் போகும் ஒருவனின் கதை. ஒருவர் வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்க் கானில் தாளம் போட்டார். முதல் நாள் என் குரல் இரண்டாவது அடியிலேயே உடைந்தது. அவர்கள் நால்வரும் சுருதி விலகினாலும் விடாமல் பாடிக் கரைசேர்த்தார்கள்.

ஐந்தாம் நாள், கனடாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

"அந்தா, தெருக்கரையிலை முள்ளுக்கம்பி அடிச்ச காணி எங்கடை. அப்பா தெற்கிலை, காலி நகரத்திலை கடை வைச்சிருந்தவர், லொறியிலைதான் எல்லாம் அனுப்புவார். சும்மா கிடக்கிற காணிதானே, படலையைத் திறந்து விடச் சொல்லுறன்."

சொன்னபடியே செய்தார். சாரதிகள் பற்றைகளை வெட்டி, கொட்டகை போட்டு, ஒரு தண்ணீர்த் தாங்கியும் வைத்தார்கள்.

சனிக்கிழமைகளில் நான் அந்தப் பக்கம் போகிறேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கொட்டகைக்குள் ஆட்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள், முகத்தில் துவாயைப் போட்டபடி. யாரையும் எழுப்பாமல் படலையருகில் நிற்பேன். எல்லோரும் எழும்பி முகம் கழுவும்வரை, ஒவ்வொரு துவாயாக விலகும்வரை, அங்கிருந்து கால் நகராது.