ஆறு மணி வெந்நீர்

இன்று எழுத நினைத்தவை:
1. எங்கள் வீட்டில் வெந்நீர் போடும் ஹீட் பம்ப் பழுதாகவில்லை.
2. வெளிக்காற்று குளிர்ந்தால் அதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.
3. பழைய செம்பு பாய்லருக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை.

ஏற்காட்டில் ஒரு வாரமாகப் பனிமூட்டம். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. தண்ணீரின் சூட்டைத் தினமும் குறித்து வைத்த நோட்டைச் சேலத்திலிருந்து வந்த மெக்கானிக்கிடம் தயங்கியபடி காட்டினேன்.

"ஐயா, இது வெளிக்காத்துல இருக்கற சூட்ட எடுத்துத்தான் தண்ணிய காய வெக்குதுங்க. விடியக்காலத்துல காத்துல சூடு ஏதுங்க? மத்தியானம் ஓட விடுங்க, மறுநாள் காலை வரைக்கும் டேங்க்ல சூடு நிக்கும்."

"கழட்டிரலாம்னு பாக்கறேங்க. காப்பித் தோட்டத்துக் கட்டைல எரிஞ்ச பழைய பாய்லர் எந்தக் குளுருலயும் ஆறு மணிக்குத் தயாரா இருந்துச்சு," என்றேன். அந்தப் புகை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: "ஏனுங்க, அது தானா காஞ்சுதுங்களா? மத்த நாள்ல அஞ்சுக்குப் பத்த வெப்பேன், பனி நாள்ல நாலுக்கே எந்திரிப்பேன். கழட்டுனா இனி நீங்க எந்திரிங்க."

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு டைமரை மத்தியானத்துக்கு மாற்றினார். நான் தடுக்கவில்லை.

மூன்றாவது குறிப்பு தவறு. பாய்லருக்கும் குளிர் தெரிந்திருக்கிறது. போர்வைக்குள் இருந்த எனக்குத்தான் தெரியவில்லை. உங்கள் வீட்டில் நாலு மணிக்கு எழுந்தது யார்?