மீன் வாயும் மச்சான் வாயும்

போன வாரம் கிள்ளான் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பயப்படாதீங்க... குற்றவாளி நானில்லை, என் மச்சான் கணேசன்!

கணேசனுக்குப் பிழைப்பே ஒரு சின்ன ஃபைபர் போட்தான். தூண்டில் ஆசை பிடித்த பூச்சோங், பி.ஜே. ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவான். அந்தப் போட்டைத்தான் ரோந்து அதிகாரிகள் இழுத்துப்போய்விட்டார்கள். கேஸ் தோற்றால் போட் போச்சு... சோறும் போச்சு.

என்ன குற்றம்? போட்டில் ஒரு கார் பேட்டரி, கொஞ்சம் வயர். விளக்குக்கு வைத்திருந்தான். சோதனைக்கு வந்த அதிகாரி கேட்டாராம் — "அடா கரன்?"

நம்மாள் சும்மா இருப்பானா? "அடா, பாங், அடா!" — இருக்குண்ணே, இருக்கு — என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

மலாயில் கரன் என்றால் கரண்ட். பேட்டரியில் சார்ஜ் இருக்கா என்று கேட்கிறார் போல என்று இவன் நினைத்துவிட்டான். ஆனால் மீன்பிடிக்கிற இடத்தில் 'கரன்' என்றால் வேறு கதை — தண்ணீரில் ஷாக் வைத்து மீனைக் கொத்தாகக் கொல்வது. அதிகாரி எழுதிக்கொண்டார்: ஒப்புக்கொண்டான்!

"ஷாக் வச்சான்னு அவங்கதானே நிரூபிக்கணும்?" என்று கணேசனுக்காக வாதாடிய லாயரம்மாவிடம் கேட்டேன்.

"இல்ல அங்கிள். சாமான் போட்ல இருந்தாலே அதுக்குத்தான்னு சட்டம் எடுத்துக்கும். இல்லைன்னு இவர்தான் காட்டணும்."

செய்யாததை எப்படிங்க காட்டுவது? யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டிலும் இதே சட்டம்தான். சர்க்கரை வியாதிக்காரன் நான். லட்டு டப்பா பக்கத்தில் நின்றாலே போதும்... தீர்ப்பு ரெடி.

"மீன் வாயைப் பாருங்க, தூண்டில் முள் குத்தியிருக்கும்!" என்று கணேசன் ஆரம்பத்திலிருந்தே கத்திக்கொண்டுதான் இருந்தான். மீன் எங்கே? அழுகிவிடும் என்று அன்றைக்கே ஏலம் விட்டாச்சு. அவனைக் காப்பாற்ற வேண்டிய சாட்சியை யாரோ அசாம் பெடாஸ் புளிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்!

மிச்சம் ஒரே ஒரு போட்டோ. மீனைத் தூக்கிப் பிடித்து அதிகாரி சிரிக்கிற போட்டோ. அதைத்தான் ஆதாரம் என்று நீட்டினார்கள். லாயரம்மா வாங்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"மீனை எதைப் பிடிச்சுத் தூக்கியிருக்கீங்க?"

அதிகாரி குனிந்து பார்த்தார். நல்ல பெரிய சியாக்காப் மீன்... அதன் வாயிலிருந்து வந்த தூண்டில் நரம்பைப் பிடித்துத்தான் ஸ்டைலாகத் தூக்கியிருந்தார்!

விடுதலை. கணேசன் அழுதேவிட்டான். எனக்கும் கண் கலங்கியது, சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

மறுநாள் போட்டை எடுக்கப் போனோம். பேட்டரியைத் தூக்கிக் கொடுத்த அதே அதிகாரி, பழக்கதோஷத்தில் கேட்டார் — "அடா கரன்?"

கணேசன் என்னைப் பார்த்தான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

வாயைத் திறந்து மாட்டிக்கொள்வது மீன் மட்டுமில்லை லா!