அந்தியேட்டிப் பக்கத்துக்கு நிறம் சொன்னவ

என் மருமகள் சுகந்தி மருதனார்மடச் சந்தியில் வெப்சைட் செய்யும் கடை வைத்திருக்கிறாள். நான் முன்பு பூமாலை கட்டியவள் என்பதால் நிறம் பொருத்துவது என் வேலை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நிறத்துக்கு எழுத்து எதற்கு?

1. சாம்பல்

கனடாவிலிருந்து ஒரு பொடியன் தாயின் நினைவாக ஒரு பக்கம் கேட்டான். செத்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டி அன்று காலை அது இணையத்தில் ஏற வேண்டும். தாயின் படமென்று இருந்தது அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளைப் படம் மட்டும். மற்றவை இடப்பெயர்வில் போய்விட்டன.

வெள்ளை, சாம்பல், ஊதா என்று செத்தவீட்டு நிறங்களைப் போட்டேன்.

"வடிவாத்தான் இருக்கு அன்ரி. ஆனா உது என்ரை அம்மா இல்லை."

மாற்றினேன். அதே பேச்சு.

"அம்மான்ரை முகமே மறந்துபோடும் போலை கிடக்கு," என்று போனில் அழுதான். விடிந்தால் அந்தியேட்டி.

2. சீனி இல்லாத தேத்தண்ணி

அன்று மத்தியானம். வெயிலில் சந்தியே வெறிச்சோடிக் கிடந்தது. தலையில் முக்காடிட்ட ஒரு மனிசி வந்து வாசல் கதிரையில் இருந்தா, என் கணினித் திரையை எட்டிப் பார்த்தா.

"உதென்ன பிள்ளை, சாம்பலை அள்ளிப் பூசியிருக்கிறாய்?"

"செத்தவீட்டுக்குக் கலியாண நிறமே போடுறது, அக்கா?"

"செத்தது சீலையே? வாழைக்குருத்துப் பச்சையை முழுக்க விடு. தலைப்புக்குப் பூசணிப்பூ மஞ்சள். அரக்கு ஒரு பொட்டுக் காணும். கூட்டினியோ, கண்ணைக் குத்தும்."

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"ஓம். சீனி போடாதை."

தேத்தண்ணியோடு வந்தால் ஆளில்லை.

"மாமி, தனிய இருந்து ஆரோடை கதைச்சனீங்கள்?" என்றாள் சுகந்தி.

"விசரி, அந்தக் கதிரையிலை மனிசி இருந்தவ எல்லே!"

"அதிலை காலமை தொடக்கம் என்ரை பை எல்லோ கிடக்கு."

பை அப்படியேதான் இருந்தது. நான் பச்சையைப் போட்டேன். மேலே மஞ்சள். பட்டனுக்கு மட்டும் அரக்கு.

3. பொடியனின் அழைப்பு

பக்கத்தைப் பார்த்த உடனே பொடியன் போன் எடுத்தான்.

"அன்ரி, ஆர் சொன்னது? என்னைக் கனடாவுக்கு வழியனுப்ப வந்த அண்டைக்கு அம்மா உடுத்த சீலை இது."

"குத்துமதிப்பாப் போட்டது, தம்பி. அம்மா தேத்தண்ணிக்குச் சீனி போடுறவவோ?"

"இல்லை. சலரோகம்."

விடிய முன் பக்கம் ஏறியது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஒரு நிறம் முழுக்க, ஒன்று தலைப்பளவு, ஒன்று பொட்டளவு, அவ்வளவுதான் வித்தை. அதற்கு முதல் ஆளை விசாரியுங்கள். என் அந்தியேட்டிப் பக்கத்துக்கான நிறங்களைச் சுகந்தியிடம் இப்போதே சொல்லிவிட்டேன். செத்த பிறகு வெயிலில் திரும்பி வந்து சொல்ல எனக்கு அலுப்பு, பஞ்சி.